பின்கோடு கேட்ட வாரம்

டாக் மேகர்ட் தேர்தலில் தோற்றதற்கு ஊரில் ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். டிவி விளம்பரம் என்கிறான் ஒருவன். வாஷிங்டன் தண்ணீர் குடித்துத் தலைக்கனம் ஏறிவிட்டது என்கிறான் இன்னொருவன். எனக்குத் தெரிந்த காரணத்தை நான் இதுவரை ஒரே ஒருவரிடம்தான் சொல்லியிருக்கிறேன். அது அவரிடமே.

என் பெயர் அர்லீன். கென்டக்கியின் கிழக்கு மலைகளில், நிலக்கரிச் சுரங்கங்களுக்கு நடுவே இருந்த அவருடைய தொகுதி அலுவலகத்தில் இருபத்திரண்டு வருஷம் உட்கார்ந்திருந்தேன். ஒரு மேஜை, ஒரு போன், நான்கு இரும்பு அலமாரி. பென்ஷன் வராதவர்கள், ராணுவத்திலிருந்து திரும்பி மருந்துக்கு அலைபவர்கள், புருஷனைச் சுரங்கத்துக்குக் கொடுத்துவிட்டு நஷ்டஈட்டுக்காகக் காத்திருக்கும் பெண்கள் எல்லாரும் என்னிடம்தான் வருவார்கள். நான் கடிதம் எழுதுவேன், டாக் கையெழுத்துப் போடுவார். லோவெல் மேகர்ட் என்பது அவர் முழுப்பெயர். வாஷிங்டனில் நாடாளுமன்றத்துக்கு, அதாவது காங்கிரஸுக்கு, போவதற்கு முன்னால் கால்நடை வைத்தியர். இந்தப் பள்ளத்தாக்கில் பாதி வீட்டு மாட்டுக்குப் பிரசவம் பார்த்தவர். அதனால் டாக்டர் என்பதைச் சுருக்கி எல்லாரும் அவரை டாக் என்றுதான் கூப்பிடுவார்கள்.

அவர் ஜனநாயகக் கட்சி, ஆனால் துப்பாக்கி விஷயத்திலும் நிலக்கரி விஷயத்திலும் எங்கள் பக்கம். கட்சிக்காரர்கள் அவரைக் கோழை என்றார்கள். எதிர்க்கட்சிக்காரர்கள் வேஷக்காரன் என்றார்கள். இரண்டு வருஷத்துக்கு ஒன்றாகப் பதினோரு தேர்தல் அப்படியே ஓட்டிவிட்டார். அதற்கு அவர் வைத்திருந்த வழி என் மஞ்சள் தாள்தான்.

முக்கியமான ஓட்டெடுப்பு வரும்போதெல்லாம் அலுவலகத்துக்கு வரும் போன்களை நான் ஒரு மஞ்சள் தாளில் குறித்து வைப்பேன். நடுவில் ஒரு கோடு. இடப்பக்கம் ஆதரவு, வலப்பக்கம் எதிர்ப்பு. நாலு கோடு போட்டுக் குறுக்கே ஒன்று. வெள்ளிக்கிழமை மாலை அதை வாஷிங்டனுக்கு ஃபேக்ஸ் செய்வேன். கருத்துக்கணிப்புகளை டாக் நம்பமாட்டார். "கட்சிக்காரன் காசு குடுத்துக் கேட்டா கட்சிக்காரனுக்குப் புடிச்ச பதில்தான் வரும். எனக்கு அர்லீனோட தாள் போதும்" என்பார்.

தாளுக்கு ஒரு விதி உண்டு. கூப்பிடுகிறவர் எங்கள் தொகுதிக்காரராக இருக்க வேண்டும். அதனால் பின்கோடு கேட்டு வாங்க வேண்டும். சொல்லாதவரைக் கணக்கில் சேர்க்கக்கூடாது. எழுத்தில் இருந்த விதி இது. எங்கள் மலைக்காரர்கள் அரசாங்கத்துக்குப் பின்கோடு சொல்வார்களா? வீட்டு நாயின் பெயரைக்கூடச் சொல்லமாட்டார்கள். நான் கேட்டதே இல்லை. குரலை வைத்தே தெரியும். இது பீவர் பள்ளத்து ரிச்சி, இது பழைய போஸ்ட் ஆபீஸ் வீட்டு ஐரீன் என்று எனக்குத் தெரியாத குரல் இந்தத் தொகுதியில் கிடையாது. குரலுக்கு ஒரு கோடு போட்டுவிடுவேன். இருபத்தோரு வருஷம் அப்படித்தான் நடந்தது.

மருத்துவக் காப்பீட்டுச் சட்டம் வந்த வருஷம் ஊருக்குப் பேய் பிடித்தது. ஆகஸ்ட் மாதம் டாக் உயர்நிலைப் பள்ளி ஜிம்மில் கூட்டம் போட்டார். வழக்கமாக அறுபது பேர் வருவார்கள், பாதிப் பேர் அங்கே கொடுக்கும் ஆப்பிள் கேக்கைத் தின்ன வருவார்கள். அன்று எண்ணூறு பேர். வாசலில் ஏற்கெனவே தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார்கள்.

"ஏ டாக்! மாட்டுக்குப் போடற ஊசிய எங்க அம்மாவுக்கும் போட்டுடலாம்னு பாக்கறியா?"

"ஒரு கமிட்டி வெப்பாங்களாமே, யாரு சாகணும், யாரு பொழைக்கணும்னு! நீதான் அதுக்குத் தலைவரா?"

"அப்படி ஒண்ணு சட்டத்துல கெடையாதுப்பா. நானே படிச்சேன்" என்றார் டாக்.

"ஆயிரம் பக்கத்தையும் படிச்சியா? எங்க, எழுநூறாம் பக்கத்துல என்ன இருக்கு, சொல்லு பாப்போம்!"

ஜிம்மே சிரித்தது. அப்புறம் கூட்டத்தின் நடுவிலிருந்து ஒருவன் எழுந்தான். பக்கத்தில் சக்கரம் வைத்த ஆக்ஸிஜன் சிலிண்டர், மூக்கில் குழாய். அவனைப் பார்த்ததும் கூட்டம் அடங்கியது. மூச்சு வாங்கி வாங்கி அவன் பேசினான்.

"டாக். எங்கப்பா ஒங்களுக்கு ஓட்டு போட்டாரு. நானும் போட்டேன். இந்தச் சட்டத்துக்கு நீங்க கையத் தூக்கினீங்கன்னா, என் சிலிண்டரத் தூக்கிட்டாவது வந்து ஒங்களத் தோக்கடிப்பேன்."

ஜிம் இடிந்து விழுகிற மாதிரி கைதட்டல். எழுந்து பேசியவன் ஆர்வில். என் தம்பி.

ஆர்வில் இருபத்துநாலு வருஷம் நிலத்துக்கடியில் இருந்தவன். ஐம்பத்துநாலு வயதில் படுக்கையறையிலிருந்து சமையலறைக்கு நடந்தால் நடுவில் ஒரு நாற்காலி வேண்டும், உட்கார. நிலக்கரித் தூசி நுரையீரலில் படிந்து கல்லாகிவிடும் நோய் அது. கறுப்பு நுரையீரல் என்போம். நஷ்டஈடு கேட்டு இரண்டு முறை மனுப் போட்டான். கம்பெனி டாக்டர்கள் வரிசையாக வந்து, இது சிகரெட்டால் வந்தது என்று எழுதிக் கொடுத்தார்கள். அவன் முப்பது வயதில் சிகரெட்டை விட்டவன். இரண்டு முறையும் தள்ளுபடி. மூன்றாவது மனு நீதிபதியின் மேஜையில் மூன்று வருஷமாகத் தூங்கியது. நஷ்டஈடு கிடைத்தால் மருந்து, சிலிண்டர் எல்லாம் அதிலேயே அடங்கும். அவன் போன பிறகு அவன் மனைவி கோனிக்கும் கஞ்சி ஊற்றும். கிடைக்காவிட்டால் கோனிக்கு ஒன்றுமில்லை. அந்தப் பயம்தான் அவனைத் தின்றது, தூசியைவிட.

டிசம்பரில் செனட் சபை திருத்தி அனுப்பிய சட்டத்தில் யாரோ ஒரு புண்ணியவான் ஒரு சின்னப் பிரிவைச் செருகியிருந்தார். பதினைந்து வருஷம் சுரங்கத்தில் வேலை செய்து மூச்சு முழுசாகக் கெட்டவனுக்கு, அது சுரங்கத்தால்தான் வந்தது என்று எடுத்துக்கொள்ள வேண்டும். இல்லை என்று நிரூபிக்கிற வேலை கம்பெனியுடையது. கிடப்பில் இருக்கும் மனுக்களுக்கும் அது பொருந்தும். ஒரு பக்கம்கூட இல்லை. அதை என் மேஜையில் வைத்து நாலு முறை படித்தேன். என் அலமாரியில் தூங்கிய நூற்றுப்பதினாறு ஃபைல்களுக்கும், அதில் ஒன்றான ஆர்வில் ஃபைலுக்கும் அதுதான் சாவி.

அதற்கு முந்தைய மாதம், நவம்பரில், முதல் ஓட்டெடுப்பில் டாக் எதிர்த்து ஓட்டுப் போட்டிருந்தார். மார்ச்சில் கடைசி ஓட்டெடுப்பு. கட்சிக்கு ஒவ்வொரு ஓட்டும் தேவைப்பட்டது. திங்கட்கிழமை காலை எனக்குப் போன் செய்தார்.

"அர்லீன், இங்க ஆளாளுக்குச் சட்டையப் புடிச்சு இழுக்கறானுங்க. நான் ஒண்ணும் சொல்லல. வெள்ளிக்கிழமை ஒன் தாள் வரட்டும். சரிபாதிக்குப் பக்கத்துல வந்தா துணிஞ்சு போட்டுடறேன். மலையே எதிர்த்து நின்னா என்னால முடியாது."

"அந்தச் சுரங்கப் பிரிவப் படிச்சீங்களா டாக்?"

"படிச்சேன். நல்லதுதான். ஆனா எங்க ஆளுங்களுக்கே அது வேணாம்னா நான் யாருக்காகப் போடறது?"

அவர் போனை வைத்த அடுத்த நிமிஷம் மணி அடித்தது. அப்புறம் நிற்கவேயில்லை.

திங்கள் முழுக்க வழக்கம்போல் குறித்தேன். மாலையில் தாளைப் பார்த்தபோது வலப்பக்கம் நிரம்பி வழிந்தது, இடப்பக்கத்தில் ஒரு மூலைதான் நிறைந்திருந்தது. வீட்டுக்குப் போய்ச் சோள ரொட்டியைத் தட்டில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

செவ்வாய் காலை ஒன்பதரைக்கு ஒரு போன். எடுத்ததும் மூச்சு. புஸ், புஸ் என்று ஆக்ஸிஜன் ஓடும் சத்தம். பின்னால் கோனியின் காபி இயந்திரம் கொதிக்கும் சத்தம்.

"மேகர்ட்கிட்ட சொல்லு," என்றான், குரலைக் கட்டையாக்கிக்கொண்டு. "இந்தச் சட்டம் வேணாம். எதிர்த்துப் போடச் சொல்லு."

ஒரே கூரைக்கடியில் என்னோடு சண்டை போட்டு வளர்ந்த தம்பி, என்னிடமே வேற்றாள் மாதிரி பேசுகிறான். எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த மூச்சில் கோபம் வந்தது. முட்டாளே, உன் பெண்டாட்டி சோற்றில் நீயே மண்ணைப் போடுகிறாயே என்று கத்த வேண்டும் போல் இருந்தது. அலுவலக போனில் நான் யார் பக்கமும் பேசக்கூடாது. அதனால், என் வாழ்க்கையில் முதல் முறையாக, விதிப்படி கேட்டேன்.

"ஒங்க பின்கோடு சொல்லுங்க சார்."

"அது ஒனக்கெதுக்கு?"

"தொகுதிக்காரரான்னு தெரியணும். சொன்னாத்தான் கணக்குல சேரும்."

"அரசாங்கத்துக்கு என் பின்கோடு தேவையில்ல" என்று வைத்துவிட்டான்.

பென்சில் கையில் இருந்தது. கோடு போடவில்லை.

அவ்வளவுதான். ஒரு கோட்டை விட்டவளுக்கு அடுத்த கோட்டை விடுவது கஷ்டமாக இல்லை. அதற்குப் பிறகு வலப்பக்கம் போக வேண்டிய ஒவ்வொருவரிடமும் பின்கோடு கேட்டேன். திட்டினார்கள், வைத்தார்கள். ரிச்சி, ஐரீன், என் சர்ச் பாதிரியார் என்று எல்லாக் குரலும் எனக்குத் தெரியும். எண்ணைச் சொன்னவர்களை மட்டும் சேர்த்தேன், சொல்லாத ஒருவரையும் சேர்க்கவில்லை. ஆதரவாகப் பேசியவர்களிடம் மட்டும் எதுவும் கேட்கவில்லை. திங்கட்கிழமைத் தாளின் வலப்பக்கத்தையும் அதே விதிப்படி திருத்தி எழுதினேன். விட்ட கோடுகளை வேறொரு தாளில் போட்டு இழுப்பறையில் வைத்தேன். எதற்கு என்று கேட்டால் தெரியாது. இருபத்திரண்டு வருஷப் பழக்கம், கை சும்மா இருக்கவில்லை.

வெள்ளிக்கிழமை ஃபேக்ஸில் போன தாளில் ஆதரவு நூற்று அறுபத்தொன்று, எதிர்ப்பு நூற்றுத் தொண்ணூறு. இழுப்பறையில் இருந்த தாளில் ஐநூற்று இருபது.

ஞாயிற்றுக்கிழமை டாக் ஆதரித்து ஓட்டுப் போட்டார். சட்டம் நிறைவேறியது.

மறுநாள் அலுவலக வாசலில் அவருடைய பழைய தேர்தல் பலகைகள் குவிந்து கிடந்தன. பத்து வருஷமாக வீட்டு முன்னால் நட்டு வைத்திருந்தவர்கள் பிடுங்கிக்கொண்டு வந்து போட்டிருந்தார்கள். சிலதில் அவர் படத்துக்குக் கொம்பு வரைந்திருந்தது. ஏப்ரலில் யாரோ ஜன்னலில் கல்லெறிந்தார்கள். சர்ச் விருந்தில் நான் கொண்டுபோன பீன்ஸ் பாத்திரம் தொடப்படாமல் திரும்பி வந்தது. ஜூலை நாலாம் தேதி சுதந்திர தின ஊர்வலத்தில் டாக் வழக்கம்போல் திறந்த ஜீப்பில் மிட்டாய் எறிந்துகொண்டு வந்தார். அம்மாக்கள் குழந்தைகளின் கையைப் பிடித்துக்கொண்டார்கள். மிட்டாய் தார் ரோட்டிலேயே கிடந்து வெயிலில் உருகியது. அவர் கடைசித் தெரு வரைக்கும் எறிந்துகொண்டேதான் போனார். அதை என்னால் பார்க்க முடியவில்லை.

சட்டத்தில் சுரங்கத்துக்காரருக்கு என்ன இருக்கிறது என்று அவர் ஊர் ஊராகச் சொல்லிப் பார்த்தார். "ஏதோ எலும்புத்துண்டு போட்டு வாய மூடப் பாக்கறான்" என்றார்கள். கர்ட் ஹால்பர்ட் என்று ஒருவர் எதிர்த்து நின்றார். கார் ஷோரூம் வைத்திருந்தவர், சிரித்த முகம். சட்டத்தை ஒரு வரி மிச்சமில்லாமல் ரத்து செய்வேன் என்பது மட்டும்தான் அவருடைய பேச்சு. ஆர்வில் வீட்டு வாசலில் அவருடைய பலகை ஆளுயரத்துக்கு நின்றது. அதைத் தாண்டித்தான் ஒவ்வொரு ஞாயிறும் நான் சூப் கொண்டு போனேன். அவனும் அதைப் பற்றிப் பேசவில்லை, நானும் பேசவில்லை.

நவம்பரில் டாக் பதினெட்டாயிரம் ஓட்டில் தோற்றார். அவர் பிறந்த ஊரிலேயே தோற்றார்.

தோற்றவர் அலுவலகத்தைக் காலி செய்ய வேண்டும். ஒவ்வொரு ஃபைல்காரருக்கும் ஒரு படிவம் போகும்: உங்கள் ஃபைலைப் புதியவரிடம் கொடுக்கவா, நீங்களே வாங்கிக்கொள்கிறீர்களா? நூற்றுப்பதினாறு கறுப்பு நுரையீரல் ஃபைல்களில் தொண்ணூறு பேர் புதியவருக்கு டிக் அடித்து அனுப்பினார்கள். ஆர்வில் முதல் ஆள்.

டிசம்பர் முதல் வாரம், ஒரு மதியம், டாக் வந்தார். ஒரு வருஷத்தில் பத்து வயது கூடியிருந்தது. சுவரிலிருந்த படங்களைக் கழற்றி அட்டைப்பெட்டியில் அடுக்கினார். கடைசியாகச் சட்டைப்பையிலிருந்து நாலாக மடித்த ஃபேக்ஸ் தாளை எடுத்தார்.

"எல்லாரும் கேக்கறாங்க, ஏன்யா இப்படிப் போய்த் தலையக் குடுத்தேன்னு. நான் இதத்தான் காட்டறேன். மார்ச்ல பாதி சனம் என் பக்கம் இருந்துச்சு. அப்புறம்தான் டிவிக்காரன் கெடுத்துட்டான்."

இழுப்பறையைத் திறந்து அந்த இன்னொரு தாளை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். பின்கோடு, ஆர்வில், அவன் ஃபைல், எல்லாம். அழுதுகொண்டு சொன்னேனா என்று இப்போது நினைவில்லை.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கோடுகளை எண்ணினார். ஐந்து ஐந்தாக, விரல் வைத்து, முழுவதும் எண்ணினார்.

"ஐந்நூத்தி இருவது."

"ஆமா டாக்."

"இது தெரிஞ்சிருந்தா எதிர்த்துப் போட்டிருப்பேன்," என்றார். "சந்தேகமே இல்ல. நான் ஒண்ணும் தியாகி இல்ல அர்லீன். நாலு பேரு திட்டுவான், மூணு பேரு நம்ம பக்கம் நிப்பான்னு நெனச்சுத்தான் போட்டேன். என்கிட்ட இருந்த தைரியம் அவ்வளவுதான்."

"என்னத் திட்டுங்க."

"திட்டி?" என்றார். ஜன்னலில் கல் பட்ட இடத்தில் ஒட்டிய டேப்பைக் கட்டைவிரலால் அழுத்திவிட்டார். "ஒன் தம்பிக்குத் தீர்ப்பு வந்துச்சா?"

"இன்னும் இல்ல."

"ஞாபகமூட்டுற கடிதம் ஏதாவது அடிச்சு வெச்சிருக்கியா?"

வைத்திருந்தேன். நாற்பது கடிதங்கள், நீதிபதிகளுக்கும் தொழிலாளர் துறைக்கும். நின்றபடியே ஒவ்வொன்றிலும் கையெழுத்துப் போட்டார். ஆர்வில் பெயர் வந்தபோது கை நிற்கவில்லை. பேனாவை மூடி வைத்தார், இரண்டு தாளையும் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார், பெட்டியைத் தூக்கினார். நான் கதவைத் திறந்து பிடித்தேன். அவர் என் பக்கம் திரும்பவில்லை. அந்த வருஷம் எனக்கு அவர் வீட்டிலிருந்து கிறிஸ்துமஸ் அட்டை வரவில்லை.

கிறிஸ்துமஸுக்கு நாலு நாள் முன்னால் கோனி போன் செய்தாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று புரியவில்லை. போனேன். ஆர்வில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான், மடியில் தீர்ப்பு. ஜெயித்துவிட்டான். வாழ்நாள் முழுக்க அவனுக்கு, அவனுக்குப் பின் கோனிக்கு. கோனி என்னைக் கட்டிக்கொண்டு விடவே இல்லை.

"பாத்தியாக்கா!" என்றான் ஆர்வில். "ஹால்பர்ட் இன்னும் பதவியே ஏத்துக்கல. அதுக்குள்ள பயந்துட்டானுங்க பாரு."

"ஹால்பர்ட் இல்லடா. புதுச் சட்டத்துல வந்த பதினஞ்சு வருஷ விதி. இதோ, ரெண்டாம் பக்கத்துல எழுதியிருக்கு."

"எந்தச் சட்டம்? அந்தக் கெழவிங்கள சாகடிக்கற சட்டமா?" சிரித்தான், சிரிப்பு இருமலானது, கோனி முதுகைத் தடவினாள். மூச்சு திரும்பியதும் தாளை என் பக்கம் நீட்டினான். "இதுல எங்க டாக் பேரு இருக்கு? காட்டு."

டாக் பெயர் அதில் இல்லை. எப்படி இருக்கும்?

"இருவத்திரண்டு வருஷம் அவருகிட்ட சம்பளம் வாங்கின. விசுவாசம் இருக்கும். தப்பு சொல்லல," என்றான் ஆர்வில். "சரி, ஒரு கடுதாசி எழுதணும். நீதான் அழகா எழுதுவ. ஹால்பர்ட்டுக்கு."

கோனி காகிதமும் பேனாவும் கொண்டுவந்து வைத்தாள். வைக்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. அவளுக்குக் கொஞ்சம் புரிந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

அவன் சொல்லச் சொல்ல எழுதினேன். ஜெயித்ததற்கு வாழ்த்து. நஷ்டஈட்டுக்கு நன்றி. உங்கள் பலகை இன்னும் என் வாசலில்தான் இருக்கிறது.

"அப்புறம், சொன்னபடி அந்தச் சட்டத்தத் தூக்கிடுங்கன்னு எழுது."

"முழுசாவா?"

"முழுசாத்தான். ஒரு வரி மிச்சம் வெக்கக் கூடாதுன்னு போடு."

கோனி அடுப்புப் பக்கம் திரும்பி நின்றாள். அந்த ஒரு வரியை எழுதாமல் விட்டால் அவனுக்குத் தெரியவே போவதில்லை. கண்ணாடி இல்லாமல் அவனால் படிக்க முடியாது. ஒரு வாரம் கோடுகளை விட்டுவிடும் வேலையைச் செய்து பார்த்தவள் நான், அதனால் என்ன ஆனது என்றும் பார்த்தேன். அவன் சொன்னதை ஒரு எழுத்துக்கூட மாற்றாமல் எழுதினேன்.

கீழே அவன் பெயர், தெரு, ஊர் எழுதினேன். பிறகு பேனாவை நிறுத்தினேன்.

"பின்கோடு?"

ஆர்வில் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். மூக்கில் காற்று புஸ் புஸ் என்று ஓடியது. அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு அப்புறம் அதைப் பற்றி நாங்கள் பேசியதில்லை.

"ஒனக்குத் தெரியாதாக்கா?"

"நீ சொல்லு. சொன்னாத்தான் கணக்குல சேரும்."

ஒவ்வொரு எண்ணாக, நடுவில் மூச்சு வாங்கி, ஐந்தையும் சொன்னான். எழுதி முடித்து, கையெழுத்துப் போட அவன் மடியில் வைத்தேன்.